வீட்டோடு வந்த அருவி: தோட்டக் குளத்து அருவியைச் சரிசெய்து பராமரிக்க ஒரு வழிகாட்டி

வீடு பார்க்கப் போன அன்று பின்தோட்டத்தில் அந்த அருவி சலசலத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டே பாதி மனம் முடிவு செய்துவிட்டது. குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு காலையில் பார்த்தால் குளத்தில் நான்கு விரல் தண்ணீரைக் காணோம். ஹோஸ் வைத்து நிரப்பினேன். மறுநாளும் நான்கு விரல்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் தலைகீழ் வரிசை. குளத்தை வடித்தேன். அடியில் ஓட்டை தேடினேன். ஆள் வைத்து இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டேன். புதுப் பம்ப் வாங்கினேன். ஓட்டை குளத்தில் இல்லவே இல்லை. அருவியின் மூன்றாவது படியில் ஒரு கல் அரை விரல் அளவு சரிந்திருந்தது. கற்களுக்கடியில் போட்டிருக்கும் நீர்புகா விரிப்பின் ஓரத்தைத் தாண்டித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இடம் தெரிந்த பிறகு அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தெரிவதற்கு முன் இரண்டு மாதமும், கணிசமான பணமும், மூன்று மீன்களும் போயின.

தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் பிரிக்காதீர்கள், எதையும் வாங்காதீர்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இதற்காகத்தான்.

1. சாவி வாங்கும்போதே காகிதங்களையும் வாங்குங்கள்

பழைய வீட்டுக்காரர் இன்னும் போனை எடுக்கும் நாட்களிலேயே இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்:

- பம்ப்பின் ரசீது, உத்தரவாத அட்டை, கையேடு. உத்தரவாதக் காலம் பெரும்பாலும் வாங்கிய தேதியிலிருந்துதான் தொடங்கும். சில நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே அதைக் கொடுக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.
- குளத்துக்கு விரித்திருப்பது என்ன? ரப்பரா, பிவிசியா, சிமென்ட் பூச்சா? ஒட்டும் பசை இதைப் பொறுத்துத்தான் மாறும்.
- மண்ணுக்கடியில் குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்று கையால் வரைந்த ஒரு படம். கோணல்மாணலாக இருந்தாலும் போதும்.
- கட்டும்போது எடுத்த புகைப்படங்கள். கல் அடுக்குவதற்கு முன் எடுத்த ஒரு படம் கிடைத்தாலும் அது பொக்கிஷம்.

குளத்தைச் சுற்றி வேலி வேண்டுமா என்று உங்கள் உள்ளாட்சி விதிகளிலும் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்திலும் ஒருமுறை பாருங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் விதி சொல்லாவிட்டாலும் வேலி வேண்டும். ஒரு சாண் தண்ணீரே குழந்தைக்கு ஆபத்து.

2. தண்ணீரின் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அருவி என்பது ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவது. குளத்தின் அடியிலோ, மிதக்கும் இலைகளைப் பிடிக்க ஓரமாக வைத்திருக்கும் ஸ்கிம்மர் பெட்டியிலோ பம்ப் இருக்கும். அது தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளும். மேலே பெரும்பாலும் ஒரு ஃபில்டர் பெட்டி; அதற்குள் பஞ்சு விரிப்போ நுண்துளைக் கற்களோ இருக்கும். பெட்டி நிரம்பி வழிவதுதான் அருவி. வழிந்தது கற்படிகளில் இறங்கித் திரும்பக் குளத்துக்கே வரும். கற்கள் அழகுக்கும் வழிகாட்டுவதற்கும் மட்டும்தான். தண்ணீரைத் தாங்குவது கற்களுக்கடியில் இருக்கும் விரிப்பு. இது எனக்கு மிகவும் பிந்தித்தான் புரிந்தது.

குளம் எத்தனை லிட்டர் என்பதையும் இப்போதே கணக்கிடுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழம் என்றால் 3600 லிட்டர். வளைந்து நெளிந்த குளமென்றால் இதைவிடக் கொஞ்சம் குறையும். மருந்து, பம்ப், ஃபில்டர் எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அடிப்படை.

3. கையை நனைக்கும் முன் மின்சாரம்

பம்ப் ஓடும்போது தண்ணீருக்குள் கை வைக்காதீர்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள்.

அந்த இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியரிலோ அதற்கும் குறைவிலோ துண்டிப்பதாக இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை பம்ப்பை ஓட்டாதீர்கள். வெயிலில் வெடித்த ஒயரை டேப் சுற்றிச் சமாளிக்கவும் வேண்டாம்.

4. கசிவா, வெயிலா? வாளியில் தெரிந்துவிடும்

நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் திறந்த குளத்தில் ஒரே நாளில் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை ஆவியாகலாம். அருவி ஓடினால் இன்னும் கூடும். ஆகவே தண்ணீர் குறைவதெல்லாம் ஓட்டை இல்லை.

ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்துக்குள்ளேயே ஆழமில்லாத ஒரு படியில் வையுங்கள். வாளியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பம்ப்பை நிறுத்துங்கள். உடனே அடையாளம் போட்டுவிடாதீர்கள். மேலே இருக்கும் தண்ணீர் முழுதும் இறங்கி வர அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். நான் முதல் தடவை அவசரப்பட்டு அடையாளம் போட்டதால் அந்தச் சோதனையே வீணாயிற்று.

மட்டம் நின்றதும் வாளிக்குள் ஒரு கோடு, குளத்தோரக் கல்லில் ஒரு கோடு. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெயிலின் வேலை. குளத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தால் குளமே கசிகிறது. நடுவில் மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.

மீன்கள் இருந்து, வெயில் காலமாகவும் இருந்தால் ஒரு நாள் முழுக்கப் பம்ப்பை வெறுமனே நிறுத்திவைக்கக் கூடாது. மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார் ஒன்றை அந்த நேரத்துக்கு ஓடவிடுங்கள்.

5. பம்ப் ஓடும்போதும் அளந்து பாருங்கள்

அடுத்த 24 மணி நேரம் அருவியை ஓடவிட்டு அதேபோல் அளங்கள். இங்கேயும் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் கோடு.

நிறுத்தியிருந்தபோது சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் விரல் விரலாகக் குறைகிறதா? கசிவு அருவியிலோ, குழாயிலோ, ஃபில்டர் பெட்டியிலோ இருக்கிறது. பெரும்பாலான தோட்டக் குளங்களில் கசிவு இந்தப் பக்கம்தான். குளத்தை வடிக்கவே தேவையில்லை.

நிறுத்தியிருந்தபோதே குறைந்தால் கசிவு குளத்தில். அப்போது நிரப்பாமல் விடுங்கள், மீன்களுக்கு ஆபத்தில்லாத ஆழம் வரை. மட்டம் ஓரிடத்தில் தானாக நின்றுவிடும். ஓட்டை அந்த மட்டத்தில்தான் எங்கோ இருக்கிறது. அந்தக் கோட்டைச் சுற்றி மட்டும் தேடினால் போதும். ஐயமுள்ள மடிப்பின் அருகே, தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, ஒரு சொட்டுப் பால் விடுங்கள். ஓட்டை இருந்தால் வெள்ளை இழை ஒன்று நூல் பிடித்ததுபோல் அதற்குள் போகும்.

அருவிப் பக்கம் என்று தெரிந்தால் இன்னொரு கேள்வி: குழாயா, படிகளா? பம்ப்பில் தற்காலிகமாக வேறொரு ஹோஸை மாட்டி, தரைக்கு மேலாகவே கொண்டுபோய் அருவியின் உச்சியில் விடுங்கள். இப்போது குறைவது நின்றால், மண்ணுக்கடியில் உள்ள குழாயில் கசிவு. இன்னும் குறைந்தால் ஃபில்டர் பெட்டியிலோ படிகளிலோ. நான் இதைச் செய்திருந்தால் ஒரு பம்ப்பின் விலை மிச்சமாகியிருக்கும்.

6. அருவியின் ஓரங்களைக் கையால் தடவிப் பாருங்கள்

செடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன், காலையில், அருவி ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யுங்கள். கை போவது அருவிக்கு வெளியே உள்ள மண்ணில்தான், தண்ணீருக்குள் அல்ல. இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு சாணாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் இடப்பக்கம் முழுக்க மண் பொடிப்பொடியாக இருந்தது. வலப்பக்கம் மூன்றாவது படிக்கருகே விரல் உள்ளே போயிற்று, சேறு ஒட்டியது. அந்த இடத்துப் புல் மட்டும் மற்ற இடத்தைவிட ஒரு விரல் உயரமாக, அடர்பச்சையாக இருந்ததை இரண்டு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

வழக்கமான காரணங்கள் இவை.

*மண் இறங்குவது.* குளம் வெட்டிய மண்ணைக் குவித்துத்தான் பெரும்பாலும் அருவி மேட்டைக் கட்டுகிறார்கள். சரியாகக் கெட்டிக்காத மண் முதல் சில ஆண்டுகளில் அமிழும். மண்ணோடு விரிப்பின் ஓரமும் தாழ்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் இதற்கு அருமையான கருவி. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயின் ஒரு முனையை ஒருவர் இடது ஓரத்தில் பிடிக்க, மற்றவர் வலது ஓரத்தில் பிடித்தால் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

*பாசியும் இலையும் அணை கட்டுவது.* கற்களுக்கிடையில் இழைப்பாசி சேர்ந்து தண்ணீர் மட்டத்தை உயர்த்திவிடும். அது ஓரத்தைத் தாண்டிப் போகும். செடியின் வேரும் இதைச் செய்யும்.

*திரிபோல் உறிஞ்சுவது.* விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, விரிப்பின் ஓரத்தைத் தாண்டிப் படர்ந்திருக்கும் பாசியும் மண்ணும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஓரத்துக்கு மேல் மண் மூடியிருந்தால் விலக்கிவிடுங்கள்.

*தெறிப்பது.* அருவியைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாள்களை விரித்து, மேலே சிறு கல் வையுங்கள். பத்து நிமிடத்தில் எங்கே நனைகிறதோ அங்கேதான் தெறிக்கிறது. விழும் இடத்துக் கல்லைக் கொஞ்சம் உட்பக்கமாகச் சாய்த்தால் சரியாகிவிடும்.

7. சரிசெய்வது

மழை இல்லாத இரண்டு மூன்று நாட்களைப் பார்த்துத் தொடங்குங்கள். கல்லை எடுக்கும் முன் சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் எண் எழுதி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கல்தானே, நினைவிருக்கும் என்று தோன்றும். இருக்காது.

ஓரம் தாழ்ந்திருந்தால்: கற்களை விலக்கி, விரிப்பை மேலே தூக்கி, அதற்கடியில் மண் போட்டு நன்றாகக் கெட்டியுங்கள். ஓடும் தண்ணீரைவிட ஓரம் நான்கு விரலாவது உயரமாக நிற்க வேண்டும். ஓரத்தை நிமிர்த்தி வைத்து, வெளிப்பக்கம் கல்லால் முட்டுக்கொடுங்கள்.

தண்ணீர் கல்லுக்கு மேலே வராமல் அடியில் புகுந்தால்: குளங்களுக்கென்று விற்கும் கறுப்பு ஃபோமைக் கற்களுக்குப் பின்னாலும் இடையிலும் அடிக்க வேண்டும். கட்டட வேலைக்கான மஞ்சள் ஃபோம் வெயிலில் பொடிந்துவிடும். ஃபோம் ஊதி உப்பும் என்பதால் குறைவாக அடியுங்கள். கையுறை கட்டாயம், தோலில் ஒட்டினால் லேசில் போகாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஃபோம் தண்ணீரைத் திருப்பிவிட மட்டும்தான். விரிப்பில் உள்ள ஓட்டையை அது அடைக்காது.

சிமென்டால் பூசிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். மண் சிறிது அசைந்தாலும் பூச்சு வெடித்துவிடும். புதுச் சிமென்டின் சுண்ணாம்பு தண்ணீரில் கலந்து காரத்தன்மையை ஏற்றும். அது மீன்களைக் கொல்லும். விரிப்பு போட்ட அருவியில் சிமென்ட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விரிப்பில் ஓட்டை இருந்தால்: ஈபிடிஎம் ரப்பர் பளபளப்பில்லாமல், சைக்கிள் டியூப் போல இழுத்தால் நீளும். பிவிசி வழவழப்பாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒன்றின் பசை மற்றதில் நிற்காது. ஓட்டையைச் சுற்றி நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய விடுங்கள். ஈபிடிஎம் என்றால், ஒட்டு நன்றாகப் பிடிக்க முதலில் பூசும் பிரைமரைத் தடவி, எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும்படி ஒட்டுத்துண்டை வையுங்கள். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரிந்து வராது. சின்ன உருளையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன் தண்ணீர் விடாதீர்கள். முடிந்தால் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

சரிசெய்த இடத்தை உடனே மண்ணும் சரளையும் போட்டு மூடாதீர்கள். மூன்று நாள் ஓடவிட்டு, மட்டம் நிற்கிறது என்று தெரிந்த பிறகு மூடுங்கள்.

8. அருவி மெலிந்து ஓடினால்

புதுப் பம்ப் வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்: குளத்து மட்டம், பம்ப்பின் உறிஞ்சும் வலை, உள்ளே சுழலும் விசிறியில் சிக்கிய கூழாங்கல் அல்லது இழை, குழாயில் மடிப்பு, தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வு, ஃபில்டர் பஞ்சு. விசிறியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் தீராவிட்டால் அளந்து பாருங்கள். அருவி விழும் இடத்தில் முழுத் தண்ணீரும் வாளிக்குள் விழும்படி பிடியுங்கள். 20 லிட்டர் வாளி 10 நொடியில் நிரம்பினால் மணிக்கு 7200 லிட்டர். அருவியின் அகலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மணிக்குச் சுமார் 150 லிட்டர் என்பது நல்ல ஓட்டத்துக்கான பொதுக் கணக்கு. 40 சென்டிமீட்டர் அகல அருவிக்கு 6000 லிட்டர்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது உயரமே இல்லாமல் தள்ளும்போது வரும் அளவு. குளத்து மட்டத்திலிருந்து அருவி உச்சி வரை உயரத்தை அளந்து, குழாயின் உராய்வுக்காக ஒவ்வொரு 10 அடிக் குழாய்க்கும் 1 அடி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்பது கையேட்டு வரைபடத்தில் இருக்கும். நான் பெட்டியைப் பார்த்து வாங்கிய பம்ப் பழையதைவிடக் குறைவாகவே தள்ளியது.

9. மீன்கள் இருந்தால்

குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்திருப்பார்கள். அது மீனின் செவுளையும் அரிக்கும். கசிகிற குளத்தைத் தினமும் ஹோஸ் வைத்து நிரப்பியதில்தான் எங்கள் மீன்கள் செத்தன. அந்த மூன்றையும் எடுத்துப் புதைத்த காலையை இன்னும் மறக்க முடியவில்லை.

குளோரின் நீக்கியை முதலில் கலந்து, அப்புறம் தண்ணீர் விடுங்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சாதாரணக் குளோரினுக்கு ஓரளவு சரி. குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீருக்குச் சரியில்லை. ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் மாற்றவும் வேண்டாம்.

ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று அலசாதீர்கள். மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் வாழ்கிறது. குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து, அதில் இரண்டு முறை முக்கி எடுத்தால் போதும். கொன்றுவிட்டால் மறுபடி வளர 4 முதல் 6 வாரம் ஆகும். பம்ப் நாள்கணக்கில் நின்றிருந்தால் ஃபில்டர் பெட்டிக்குள் நாற்றமடித்த தண்ணீர் இருக்கும். அதை வெளியே வடித்த பிறகு ஓட்டுங்கள்.

10. செலவுக் கணக்கு

கல்லைத் திருப்பி வைப்பது, ஓரத்தை உயர்த்துவது, பாசி எடுப்பது மூன்றுக்கும் உழைப்பு மட்டும்தான். ஃபோமும் ஒட்டுத்துண்டும் சிறு செலவு. பம்ப் அதைவிடப் பெரிது. முழு விரிப்பையும் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. விரிப்பின் விலையைவிடக் கற்களைப் பிரித்து மறுபடி அடுக்கும் கூலி கூடுதலாக வரும்.

ஆனால் மாதாமாதம் வரும் செலவு மின்சாரம். 100 வாட் பம்ப் நாள் முழுதும் ஓடினால் 30 நாளில் 72 யூனிட். 250 வாட் என்றால் 180. பழைய பம்ப் அதிக மின்சாரம் இழுப்பதாக இருந்தால், புதியதன் விலையை, இதனால் மாதாமாதம் மிச்சமாகும் மின்கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதத்தில் ஈடாகும் என்று தெரிந்துவிடும்.

பில்லைக் குறைக்க இரவில் நிறுத்தலாம் என்று தோன்றும். மீன் உள்ள குளத்தில் அதுதான் மிக மோசமான நேரம். இருட்டில் பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்.

ஆள் வைத்துச் செய்வதானால், சோதனைகளை நீங்களே முடித்து, அளவுகளைக் காட்டி மதிப்பீடு கேளுங்கள். கசிவு எங்கே என்று காட்டாமல் 'எல்லாத்தையும் மாத்தணும்' என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். என்ன வேலை, என்ன பொருள், மறுபடி கசிந்தால் யார் பொறுப்பு, வேலை நடக்கும்போது மீன்கள் எங்கே இருக்கும் என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். எனக்கு ஒட்டுப் போட்டவரிடம் நான் எதையும் எழுதி வாங்கவில்லை. இரண்டாம் முறைக்கும் முழுக் கூலி கொடுத்தேன்.

11. எப்போது என்ன செய்வது

தினமும்: ஒரு பார்வை. மட்டம், ஓட்டம், மீன்களின் நடமாட்டம்.

வாரம் ஒருமுறை: ஸ்கிம்மர் கூடையில் இலைகளை எடுப்பது. படிகளில் சேர்ந்த இழைப்பாசியை ஒரு குச்சியில் சுற்றி இழுப்பது. ப்ளீச் ஒருபோதும் வேண்டாம். தண்ணீர் அசையாமல் தேங்கும் மூலைகளையும் பாருங்கள். வெப்பமான நாட்களில் கொசு முட்டை சுமார் ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும்.

மாதம் ஒருமுறை: ஆர்சிசிபி பொத்தான், பம்ப் வலை, ஃபில்டர் பஞ்சு. மீன் இருந்தால், மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் தண்ணீர்ச் சோதனை.

ஆண்டுக்கு ஒருமுறை: பம்ப்பை வெளியே எடுத்து விசிறியைச் சுத்தம் செய்வது, ஓரங்களை டியூப் லெவலால் பார்ப்பது, வேர்களை வெட்டுவது. தண்ணீர் உறையும் குளிர் உள்ள ஊரென்றால் குளிர் தொடங்கும் முன் குழாயை வடித்துவிட வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால் குழாய் வெடிக்கும்.

இவை எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அருவிக்கு அருகே ஒரு நிலையான கல்லில், சரியான மட்டம் எது என்று அழியாத பெயின்ட்டில் கோடும் போட்டுவிடுங்கள். எங்கள் கல்லில் வெள்ளைக் கோடு இருக்கிறது. காலையில் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும்.